அதபுப் பிரம்பும் பாத்தும்மாவின் ஆடும்

தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ நாவலில் ஒரு பிரம்பு வருகிறது. அதற்குப் பெயர் அதபுப் பிரம்பு. ‘அதபு’ என்பது அரபுச் சொல். ஒழுக்கம், மரியாதை, பெரியவர்கள் முன்னால் நடந்துகொள்ளும் முறை என்றெல்லாம் பொருள் தரும். இலக்கியத்துக்கும் அரபியில் ‘அதப்’ என்றே பெயர். இவ்வளவு பொருள் பொதிந்த ஒரு சொல்லை, வீட்டுப் பெண்களை அடித்து அடக்கும் பிரம்புக்குப் பெயராக வைத்திருக்கிறது அந்தக் குடும்பம். 1997-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்த நாவலைப் படித்தவர்கள் நாற்காலியை மறந்தாலும் மறப்பார்கள், பிரம்பை மறக்க மாட்டார்கள்.

ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் இறைநம்பிக்கை எப்படிக் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது, அன்பின் வழியாகவா, அச்சத்தின் வழியாகவா? இந்தக் கேள்வியைத் தமிழிலும் நம் அண்டை மொழிகளிலும் நல்ல நாவலாசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டது நம் காதில் சரியாக விழவில்லை என்பது என் எண்ணம். ஏன் விழவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிமாநிலங்களில் நாம் நடத்தும் புத்தகக் கூட்டங்களில் முஸ்லிம் எழுத்தாளர் ஒருவரின் நாவல் பேசப்படும்போது பெரும்பாலும் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, “ஐயோ பாவம், அந்த வீட்டுப் பொம்பளைங்க!” என்பது. இரக்கம் நல்லதுதான். ஆனால் அந்த இரக்கத்துக்குள்ளே ‘நல்லவேளை, நம்ம வீடு இப்படி இல்லை’ என்ற நிம்மதியும் ஒளிந்துகொண்டிருக்கும். இன்னொரு குரல் கூட்டத்தில் வராது. கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது மெதுவாக வரும். “எங்க வீட்டுல நடக்கிற நல்லது ஒண்ணுகூட இவங்க கண்ணுல படலியா?” முதலாமவர் நாவலைச் சாட்சியாக அழைக்கிறார். இரண்டாமவர் அதையே குற்றவாளியாக நிறுத்துகிறார். இரண்டு பேருமே அதை நாவலாகப் படிக்கவில்லை.

பிரம்பு இருக்கும் வீடு

‘சாய்வு நாற்காலி’யின் சௌதா மன்ஸில் ஒரு காலத்தில் பெரிய வீடு. மார்த்தாண்டவர்மா மகாராஜாவுக்குத் துணையாக நின்ற முன்னோரின் பெருமை அந்த வீட்டுக்கு உண்டு. இப்போதைய வாரிசான முஸ்தபாக்கண்ணு சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடியே வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிடுகிறார். மனைவி மரியம் பீவி பொறுத்துக்கொண்டே இருக்கிறாள். வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிறது.

இந்த நாவலை ‘மதத்தின் பெயரால் நடக்கும் கொடுமையின் சித்திரம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. முஸ்தபாக்கண்ணு எதைப் பற்றிப் பெருமைப்படுகிறார் என்று பாருங்கள். அவருடைய பெருமையெல்லாம் பாட்டன், பூட்டன், குடும்பப் பேர், மாளிகை. படைத்தவன் அந்தப் பட்டியலில் கடைசியில்கூட வருகிறானா என்பது சந்தேகம். பிரம்புக்கு அரபுப் பெயர் சூட்டியது அந்தப் பெருமைக்கு ஒரு புனித முலாம் பூசத்தான். உள்ளே இருப்பது வெறும் ஆண்டைத்தனம். அது எந்தச் சாதி வீட்டிலும் இருக்கும். பெயர்தான் வேறாக இருக்கும். மீரான் கண்டிப்பது நம்பிக்கையை அன்று. நம்பிக்கை இருந்த இடத்தில் குலப்பெருமை வந்து உட்கார்ந்துகொண்டதைத்தான் அவர் போட்டு உடைக்கிறார்.

1988-இல் நூலாக வந்த அவருடைய முதல் நாவல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யிலும் இதுதான் நடக்கிறது. வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரையே மிரட்டி வைத்திருக்கிறார். ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் கெட்டுப்போகும் என்று ஊரே பயப்படுகிறது. முதலாளியை எதிர்த்து நிற்பவன் சுறாப்பீலி வியாபாரம் செய்யும் மஹ்மூது. அவன் தொழுகையை விட்டவனோ மார்க்கத்தைப் பழித்தவனோ இல்லை. கடவுளுக்கு முன்னால் முதலாளியும் நானும் ஒன்று என்று நம்புகிறவன், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையிலிருந்துதான் அவனுக்கு எதிர்த்து நிற்கும் துணிச்சல் வருகிறது. நம் விமரிசகர்கள் முதலாளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மஹ்மூதின் துணிச்சலுக்கு ஊற்றுக்கண் எது என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

காதில் விழுந்த தமிழ்

மீரானின் நாவல்களில் அன்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் கதையைக் காட்ட மாட்டேன், மொழியைக் காட்டுவேன். அவர் 1944-இல் பிறந்த தேங்காப்பட்டணம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பரில்தான் அந்தப் பகுதி கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தது. மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் அவருக்குக் காது வழியாக வந்தது. அதுவும் யாருடைய வாயிலிருந்து? உம்மா, வாப்பா, பக்கத்து வீட்டு மாமி, கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் வாயிலிருந்து. பள்ளிக்கூடத் தமிழ் கையில் இல்லாததால்தான் அவர் நாவலில் வீட்டுத் தமிழ் முழுசாக வந்து உட்கார்ந்தது. மலையாளமும் அரபும் கலந்த அந்தப் பேச்சில் ஒரு தாய் பிள்ளையைத் திட்டினால்கூட அதற்குள் ஒரு துஆ இருக்கும்.

ஆக, கதையில் பிரம்பு சுழலும் அதே பக்கத்தில், வாக்கியத்துக்குள்ளே ஒரு மடியின் சூடு இருக்கிறது. இதை வாய்விட்டுப் படித்தால்தான் உணர முடியும். கண்ணால் மட்டும் படிப்பவர்களுக்கு அந்தப் பேச்சு ‘வட்டார வழக்கு’ என்ற ஆராய்ச்சித் தலைப்போடு நின்றுவிடும். நம் பிள்ளைகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கிறார்கள். அங்கே கதை வந்துவிடுகிறது, சூடு வருவதில்லை. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லவில்லை. ‘வாப்பா’வை என்ன செய்வது? அப்பா என்று போட்டால் வீடு மாறிவிடுகிறது. அப்படியே விட்டால் வேற்றுமொழிக்காரருக்கு அது வெறும் ஓசை. இதிலும் உட்பிரிவுகள் உண்டு. கடற்கரை ஊர்களில் வாப்பா. மதுரை, திருச்சிப் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் அத்தா. ஒரே ஒரு சொல்லை வைத்து ஊரைச் சொல்லிவிடலாம்.

மானும் மசலாவும்

நாவல் வருவதற்கு முன்னால் இந்த வீடுகளில் என்ன படித்தார்கள், என்ன கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிரம்புதான் பரம்பரைச் சொத்து என்று நினைத்துவிடுவோம்.

சீறாப்புராணத்தை நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில் ஒரு பகுதியாக மனப்பாடம் செய்திருப்போம். உமறுப்புலவரின் அந்தக் காப்பியத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ என்று ஒன்று உண்டு. வேடன் ஒருவன் ஒரு பெண்மானைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறான். குட்டி பசியோடு காத்திருக்கும், பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அந்த மான் நபிகள் நாயகத்திடம் முறையிடுகிறது. வேடன் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? நாயகம் தாமே பிணையாக நின்று மானை அனுப்புகிறார். காட்டில் மற்ற மான்கள் தடுத்தும் கேளாமல், சொன்ன சொல்லைக் காப்பாற்ற அது குட்டியோடு திரும்பி வருகிறது.

ஒரு குழந்தைக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். நம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா? இறைவன் மேல் வைக்கும் நம்பிக்கையும், சொன்ன சொல் மேல் வைக்கும் நம்பிக்கையும், தாய் வருவாள் என்று குட்டி வைத்த நம்பிக்கையும் அதில் ஒரே முடிச்சாக விழுந்திருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் இருப்பது பால். இதை ஏட்டில் எழுதியவர் உமறுப்புலவர். நிலாவெளிச்சத்தில் பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துச் சொன்னவர்கள் வீட்டுக் கிழவிகள்.

மசலா என்று ஒரு வகை நூல் இருக்கிறது. சமையல் மசாலா என்று நினைத்துவிட வேண்டாம். மஸ்அலா என்றால் கேள்வி. 1572-இல் மதுரையில் அரங்கேறிய ‘ஆயிரம் மசலா’, நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. பாடியவர் வண்ணப்பரிமளப் புலவர். அப்துல்லா இப்னு சலாம் என்ற யூத அறிஞர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார், நாயகம் விடை சொல்கிறார். நூல் முழுவதும் இதுதான். கேள்வி கேட்டால் ஈமான் போய்விடும் என்று பிற்காலத்தில் சில வீடுகளில் பிள்ளைகளின் வாயை அடைத்தார்களே, அவர்கள் தங்கள் சொந்த இலக்கியத்தையே படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆயிரம் கேள்வி கேட்டவரை யாரும் பிரம்பால் அடிக்கவில்லை.

கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, மாலை, தாலாட்டு என்று இன்னும் எத்தனையோ வகைகள். பலவும் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழில் புழங்கின. தமிழ் எழுத்துத் தெரியாத, ஆனால் குர்ஆன் ஓத அரபு எழுத்துக் கற்ற பெண்கள் அந்த வழியாகத் தமிழ் படித்தார்கள். நம் இலக்கிய வரலாறுகளில் இதற்கு அரைப் பக்கம் கொடுப்பார்கள். பெண்கல்வி வரலாற்றில் அதுவும் கிடையாது.

நான் பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. கப்றின் வேதனையையும் நரகத்தின் தேளையும் சொல்லிப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் செய்த கதைகளும் அதே திண்ணையில்தான் சொல்லப்பட்டன. மானும் தேளும் ஒரே வாயிலிருந்து வந்தன. எந்தக் கதையை எந்த வயதில் சொல்வது என்பதில்தான் ஒரு வீட்டின் குணம் தெரிகிறது.

ஜாமத்தில் கண்விழிக்கும் பிள்ளை

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-இல் வந்தபோது எழுந்த சலசலப்பு பலருக்கு நினைவிருக்கும். 2009-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளிவந்து, தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சல்மா 2025-இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். அவருடைய பொதுவாழ்வு வேறு கதை. இங்கே நாவலை மட்டும் பார்ப்போம்.

நாவலின் பெரும்பகுதியை நாம் ராபியா என்ற சிறுமியின் கண் வழியாகப் பார்க்கிறோம். இது முக்கியம். பெரியவர்கள் கண்ணில் அந்த வீடு கட்டுப்பாடு, வதந்தி, வியாபாரம், கல்யாணப் பேச்சு. குழந்தையின் கண்ணில் அது பெரியம்மா மடி, நோன்புக் காலத்து இரவு, மருதாணி, பெருநாள் துணி. வெளியே இருந்து படிப்பவர்கள் ‘இருட்டு’ என்று எழுதிய இரவுகளை ராபியா இருட்டாகப் பார்க்கவில்லை. எல்லோரும் தூங்கும் நேரத்தில் தன் வீடு மட்டும் விழித்திருப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம்! ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டின் உள்ளறையை இவ்வளவு பிரியத்தோடு எழுதிய நாவல் தமிழில் குறைவு. சமூகத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று கோபப்பட்டவர்கள் இந்தப் பக்கங்களைக் கடந்துதானே கோபப்பட்ட பக்கத்துக்கு வந்திருப்பார்கள்?

கோபப்பட்ட பக்கமும் கடினமானதுதான். பிர்தவ்ஸ் என்ற இளம்பெண் கல்யாணம் செய்துவைத்தவனோடு வாழ மறுத்துத் திரும்பி வந்தவள். வேற்று மதத்து ஆணோடு அவளுக்கு ஏற்பட்ட உறவு தெரியவரும்போது, பெற்ற தாய் ஆமினாவே அவளுக்கு விஷம் கொடுக்கிறாள். ஊட்டி வளர்த்த கை கொடுத்த விஷம்.

இந்த இடத்தைப் படித்துவிட்டு, இதுதான் அந்த மதம் என்று புத்தகத்தை மூடிவைப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். மணவிலக்குப் பெற்ற பெண் மறுமணம் செய்துகொள்வதை இஸ்லாம் தடுக்கவில்லை. கணவன் வேண்டாம் என்று பெண்ணே விலகிக்கொள்ள ‘குலா’ என்ற வழியே இருக்கிறது. நாயகத்தை மணந்தபோது கதீஜா அம்மையார் ஒரு விதவை. ஆகவே பிர்தவ்ஸ் திரும்பி வந்த அன்றே அவளுக்கு இன்னொரு நல்ல வாழ்க்கையைத் தேடித்தர மார்க்கத்தில் இடம் இருந்தது. இடம் கொடுக்காதது தெரு. அந்த வீடு வேதத்துக்குப் பயப்படுவதாகச் சொல்லிக்கொண்டு ஊர் வாய்க்குப் பயந்தது. ஆமினா மகளைக் கொன்றது இறைவனுக்குப் பயந்தல்ல. நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது என்று பயந்து. சல்மா இதை எங்கேயும் விளக்கிச் சொல்வதில்லை. ஆமினாவை அரக்கியாகவும் ஆக்குவதில்லை. அன்பு இருக்கிற கைதான் அது என்று தெரிவதால்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பருவம் எய்தியதும் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருந்த காலத்திலும், பிறகு புகுந்த வீட்டிலும் சல்மா ஒளித்து ஒளித்து எழுதியவை வெளியே போய்ச் சேர உதவியவர் அவருடைய தாய். 2013-இல் வந்த கிம் லாங்கினோட்டோவின் ‘சல்மா’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பூட்டிய வீட்டிலேயே சாவியும் இருந்திருக்கிறது. நாவலில் வரும் தாய்மார்களை எடைபோடும்போது இந்தத் தாயையும் ஓரமாக நினைத்துக்கொள்வது நல்லது.

ஆடு மேய்ந்த வீடு

இனி அண்டை மொழிக்குப் போகலாம். மீரானின் ஊர் மலையாள எல்லையில் இருப்பதாலும், தென்னகத்து முஸ்லிம் வீடுகள் மொழி தாண்டியும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதாலும் இது தூரத்துப் பயணமில்லை.

வைக்கம் முகம்மது பஷீர் 1954-இல் எழுதி 1959-இல் வெளிவந்த ‘பாத்தும்மாவின் ஆடு’ தமிழிலும் கிடைக்கிறது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஊர் சுற்றிவிட்டு, உடம்பும் மனமும் சோர்ந்து, அமைதி தேடி எழுத்தாளர் வீட்டுக்கு வருகிறார். அமைதியாவது! உம்மா, தம்பிகள், தம்பி மனைவிகள், தங்கைகள், எண்ணிமுடியாத பிள்ளைகள், கோழி, பூனை. எல்லோருக்கும் இவரிடம் காசு வேண்டும். உம்மா ரகசியமாகக் கேட்கிறாள். அடுத்த நிமிடம் அது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஒரு தம்பி எதற்கெடுத்தாலும் பட்டாளத்துக்கே திரும்பிப் போகிறேன் என்கிறான். தங்கை பாத்தும்மா தினமும் ஆட்டோடு வருகிறாள். அந்த ஆடு பஷீரின் புத்தகங்களையே தின்றுவிடுகிறது, ‘பால்யகால சகி’ உட்பட! பால் விற்றுப் பிழைக்கலாம் என்று பாத்தும்மா கணக்குப் போட்டிருக்க, அவளுக்குத் தெரியாமல் வீட்டுப் பெண்கள் பாலைக் கறந்துகொள்கிறார்கள்.

இந்தக் குறுநாவலில் மார்க்கம் எங்கே? உபதேசம் கிடையாது, பள்ளிவாசல் தகராறு கிடையாது. ஆனால் அந்த வீட்டில் ஒருவர்கூடப் படைத்தவனின் பெயரைச் சொல்லாமல் ஒரு பொழுதைக் கடப்பதில்லை. பெருமூச்சிலும் அவன் பெயர்தான். பற்றாக்குறை இருக்கிறது, திருட்டு இருக்கிறது, சண்டை இருக்கிறது. பிரம்பு இல்லை. பஷீரின் இன்னொரு நாவலான ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’வில் குஞ்ஞுபாத்தும்மா என்ற பெண், தன் ரத்தத்தைக் குடித்த அட்டையைக்கூடக் கொல்ல மனம் வராமல் தண்ணீரில் விடுகிறாள். உமறுப்புலவரின் மான் எனக்கு அங்கே நினைவுக்கு வருகிறது. அதே நாவலில், பாட்டனாருக்கு யானை இருந்தது என்று ஓயாமல் பீற்றிக்கொள்ளும் தாயும் இருக்கிறாள். அந்த யானை கடைசியில் வெறும் குழியானையாகப் போகிறது. முஸ்தபாக்கண்ணுவின் நாற்காலியும் இந்த யானையும் ஒரே குடும்பம். மீரான் அந்தப் பெருமையைக் கண்டு நொந்துபோகிறார். பஷீருக்குச் சிரிப்பு வருகிறது.

கன்னடத்தில் பானு முஷ்தாக் இருக்கிறார். ஹாசனைச் சேர்ந்த வழக்கறிஞர். தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில் வந்த அவருடைய ‘ஹார்ட் லாம்ப்’ 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. தலைப்புக் கதையில், கணவன் வேறொருத்தியிடம் போய்விட, குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வரும் மெஹருனைக் குடும்ப மானம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள் உடன்பிறந்தவர்கள். இரவில் அவள் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டு நிற்கும்போது, கைக்குழந்தையோடு ஓடி வந்து தடுப்பது மூத்த மகள்.

இதை சல்மாவின் நாவலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தாய் மகளுக்குச் சாவைக் கொடுக்கிறாள். இங்கே மகள் தாயைச் சாவிலிருந்து இழுக்கிறாள். இரண்டு கதையிலும் பிறந்த வீடு மானத்தைக் காரணம் காட்டுகிறது. இரண்டிலும் மார்க்கம் கற்ற ஆண்கள் பக்கத்திலேயே இருந்தும் உதவாமல் போகிறார்கள். ஆனால் பானு முஷ்தாக்கிடம் அடுத்த தலைமுறை பேச ஆரம்பித்துவிட்டது. தனக்குத் தாய் வேண்டும் என்று ஒரு பெண்குழந்தை கேட்கிறது, அவ்வளவுதான். மெஹருனுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

தமிழில் ஒரு பாத்தும்மாவின் ஆடு ஏன் வரவில்லை? ஒரு காரணம் நேரடியானது. தன் வீட்டைப் பார்த்துத் தானே சிரிக்க வேண்டுமானால், வெளியே இருப்பவர்கள் அதை வைத்துச் சிரிக்க மாட்டார்கள் என்ற தைரியம் வேண்டும். 1992-க்குப் பிறகு எழுத வந்தவர்களுக்கு அந்தத் தைரியம் எளிதில் கிடைக்கக்கூடிய சூழல் இல்லை. இன்னொரு காரணம் வாசகர்களாகிய நாம். காயத்தைக் காட்டினால் படிக்கிறோம், பரிசு கொடுக்கிறோம், மொழிபெயர்க்கிறோம். ஒரு வாப்பா பேத்திக்கு நோன்புக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கும் பத்துப் பக்கத்தை ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று தள்ளிவிடுகிறோம். எழுதுகிறவர்கள் கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

நோன்பும் ரோஜாவும்

இந்த விவாதத்தில் நம்மைப் போல் வெளிமாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பங்கு இருக்கிறது. பெங்களூரிலோ மும்பையிலோ தில்லியிலோ ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, “முஸ்லிமா? அப்புறம் எப்படி உருது தெரியாது?” என்பதுதான். பிள்ளை மதரஸாவுக்குப் போகிறது, அங்கே பாடம் உருதுவில். வீட்டுக்கு வந்து நமாஸ் என்கிறது, ரோஜா என்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு அது தொழுகை, நோன்பு. தொழுகை, நோன்பு, ஓதுதல், பெருநாள், பள்ளிவாசல் என்று தமிழ் முஸ்லிம்கள் தங்கள் மார்க்கத்தின் மையமான காரியங்களுக்கெல்லாம் தமிழ்ச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். ‘தொழு’ வள்ளுவர் எடுத்தாண்ட சொல். நோன்பு பாவைக்கும் உண்டு, ரமலானுக்கும் உண்டு. உருது நல்ல மொழி, பிள்ளைகள் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் பாட்டி சொல்லும் மான் கதைக்கும் பிள்ளை ஓதும் பாடத்துக்கும் நடுவில் மொழி ஒரு சுவராக எழுந்துவிட்டால், பிள்ளைக்கு மிஞ்சுவது பாடம் மட்டும்தான்.

மீரானின் கடைசிக் காலத்து நாவல்களில் ஒன்றான ‘அஞ்சுவண்ணம் தெரு’ 2008-இல் வந்தது. பழைய பாட்டுகள், கதைகள், வழிபாடுகள் ஒரு பக்கமும், அவையெல்லாம் மார்க்கத்தில் இல்லாதவை என்று கண்டிக்கும் புதிய இயக்கத்தார் ஒரு பக்கமுமாக ஒரு தெரு இரண்டுபடுவதை அதில் காணலாம். புதியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பொருள் தெரியாமல் ஓதிக்கொண்டிருந்த மக்களுக்குக் குர்ஆனைத் தமிழில் பொருளோடு படிக்கச் சொல்லிக் கொடுத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது; தாயத்தையும் தகட்டையும் விற்றுப் பிழைத்தவர்களை அவர்கள் தட்டிக் கேட்டார்கள். ஆனால் பாட்டைக் கழித்தபோது பாட்டுப் பாடியவளையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள். வீட்டில் மார்க்கத்தைக் கொடுக்கும் உரிமை கிழவியின் மடியிலிருந்து மேடையில் பேசுகிறவரின் ஒலிபெருக்கிக்குப் போனது. மீரானின் வருத்தம் அங்கேதான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி.

தக்கலையில் ஞானி பீர்முகம்மது அப்பாவின் ‘ஞானப்புகழ்ச்சி’யை ஆண்டுக்கொருமுறை ரஜப் மாதத்தில் இரவு முழுக்க ஓதுகிறார்கள். தமிழ்ப் பாட்டு அது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் வெளியூரிலிருந்தும் அன்றைக்கு ஊருக்கு வந்து சேர முயல்வார்கள். பிள்ளைகளையும் கூட்டிவருவார்கள். பாதி ராத்திரியில் அந்தப் பிள்ளைகள் தூங்கிப்போகும், பாட்டு நிற்காது. மீரான் 2019 மே மாதம் காலமானார். அஞ்சுவண்ணம் தெருவுக்கு அப்புறம் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து ஒயிட்ஃபீல்டிலோ நொய்டாவிலோ குடியேறி, உருது பேசும் பிள்ளைகளுக்கு வாப்பாவாகி, எந்தக் கதையைச் சொல்லித் தூங்க வைக்கிறார்கள் என்பதை இனி வேறு யாராவதுதான் எழுத வேண்டும். எழுதப் போகிறவர் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் இப்போது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கலாம்.